நீதிஸ்தலத்தில் ராஷ்டிரபதி

திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு அருகே, காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், சில தினங்களுக்கு முன் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். பஞ்சாயத்துத் தேர்தலிலே தோற்றவன் கோர்ட்டுக்குப் போகிறான். சட்டசபைத் தேர்தலிலே தோற்றவன் ஹைகோர்ட்டுக்குப் போகிறான். ராஷ்டிரபதியின் தேர்தலில் மோசம் நடந்துவிட்டால் எந்தப் படியேறுவது என்பது அவரது கேள்வி. படி இருக்கிறது என்றோம். அங்கே உட்கார்ந்திருக்கும் நீதிபதிகளை நியமிக்கும் உத்தரவில் கையெழுத்திடுகிறவரே அந்த ராஷ்டிரபதிதானே, அப்படியிருக்க நியாயம் எப்படிக் கிடைக்கும் என்று மடக்கினார். பக்கத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த தொழிலாளரும் வேலையை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தையில் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று இது. சென்னை ராஜதானியில் மந்திரியாயிருந்து, பின்னர் தேசத்தின் தலைமைப் பதவிக்கு உயர்ந்த வராகிரி வேங்கட கிரி அவர்களின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு விடையும் தெரியும். ஆகவே அந்தச் சரித்திரத்தையே இன்று எழுத முற்பட்டோம்.

கிரி 1894-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10-ஆம் தேதி கஞ்சம் ஜில்லாவைச் சேர்ந்த பெர்ஹாம்பூரில் பிறந்தார். அந்நாளில் அது சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஊர்; இன்று ஒரிஸ்ஸாவில் இருக்கிறது. தந்தையார் ஜோகையா பந்துலு பெயர் பெற்ற வக்கீல், காங்கிரஸ்வாதி. மகனையும் சட்டம் படிக்க வைக்க விரும்பி 1913-இல் கடல் கடந்து அனுப்பினார். லண்டனுக்கு அல்ல, அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்கு. இங்கிலீஷ்காரனின் சட்டத்தை, இங்கிலீஷ்காரனை எதிர்த்துக்கொண்டிருந்த ஒரு தேசத்திலே போய்ப் படிக்கும் வாய்ப்பு இப்படி வந்தது. கிரி பயின்ற கலாசாலையிலேயே ஆசிரியராயிருந்த தாமஸ் மக்டோனா, 1916-ஆம் வருஷத்து ஈஸ்டர் புரட்சியின் பிரகடனத்தில் கையெழுத்திட்டதற்காகத் துப்பாக்கிக்கு இரையானார். அதே வருஷத்தில் கிரியும் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். அயர்லாந்தை விட்டு வெளியேறும்படி உத்தரவும் பெற்றார்.

தாய்நாடு திரும்பி வக்கீல் தொழிலில் அமர்ந்த அவர் அதிலே நெடுநாள் நிலைக்கவில்லை. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது தொழிலைத் துறந்தார். கள்ளுச் சாராயக் கடைகளை எதிர்த்து மறியல் செய்து 1922-இல் சிறை சென்றார். வெளியே வந்ததும் அவர் மனம் ரயில்வேத் தொழிலாளரிடம் சென்றது. அகில இந்திய ரயில்வேத் தொழிலாளர் சம்மேளனத்தை ஸ்தாபித்தவர்களுள் அவர் முக்கியமானவர்; அதன் பொதுக் காரியதரிசியாகவும் பல்லாண்டு உழைத்தார். பெங்கால் நாகபுரி ரயில்வேயில் ஆட்குறைப்புக்கு ஆளானவர்களுக்காக 1928-இல் அவர் நடத்திய வேலைநிறுத்தம் சாத்விகமாக நடந்தது. 1927-இல் ஜெனிவாவில் நடந்த சர்வதேசத் தொழிலாளர் மகாநாட்டுக்கும், 1931-இல் லண்டனில் கூடிய இரண்டாவது வட்டமேஜை மகாநாட்டுக்கும் இந்தியத் தொழிலாளரின் பிரதிநிதியாகச் சென்றார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸுக்கு 1926-இலும் 1942-இலும் இருமுறை தலைமை வகித்தார்.

1937-ஆம் வருஷத்துத் தேர்தலை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். ஜஸ்டிஸ் கட்சியின் தலைவரும் ராஜதானியின் அப்போதைய பிரதம மந்திரியுமான பொப்பிலி ராஜாவை, அவருடைய பொப்பிலியிலேயே எதிர்த்து நின்று கிரி தோற்கடித்தார். ஜமீன்தார்களின் பெயரைக் கேட்டாலே குடிகள் நடுங்கிய காலத்தில் அது சாமானியமான காரியமன்று. ராஜாஜியின் மந்திரி சபையில் தொழிலாளர், கைத்தொழில் இலாகாக்கள் அவருக்குக் கிடைத்தன. கோயம்புத்தூர் மில்களில் கூலித் தகராறுகள் மூண்டிருந்த நாட்கள் அவை. திருப்பூரும் அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததே. தகராறு எங்கு எழுந்தாலும் கிரி சொன்ன மருந்து ஒன்றுதான். முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேஜையின் இருபுறமும் அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டும். சர்க்கார் நியமிக்கும் டிரிபியூனலின் தீர்ப்பு கடைசிப் புகலிடமாக மட்டுமே இருக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போன சண்டையில் ஜயித்தவனும் பகையோடுதான் ஆலைக்குத் திரும்புகிறான் என்பது அவர் அநுபவத்தில் கண்ட உண்மை. 1952-இல் நேருவின் மந்திரி சபையில் தொழில் மந்திரியானபோதும் இதே கொள்கைக்காக வாதாடினார். அது ஏற்கப்படவில்லை. கிரியின் வழி என்று தொழிலாளர் சரித்திரத்திலே இன்றும் பேசப்படுவது இதுவே. திருப்பூரிலே பனியன் கம்பெனி உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கூடியிருந்து கூலி ஒப்பந்தம் எழுதிக்கொள்வதைப் பார்க்கும்போது அவருடைய நினைவு நமக்கு வருவதுண்டு. 1984-இல் பஞ்சப்படி கேட்டு இவ்வூரில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தை மறவாதவர்களுக்கு அந்த மேஜையின் அருமை தெரியும்.

1942-இல் மீண்டும் சிறை; 1946-இல் பிரகாசத்தின் மந்திரி சபையில் மீண்டும் தொழிலாளர் இலாகா; 1947 முதல் 1951 வரை இலங்கையில் இந்தியாவின் முதல் ஹைகமிஷனர். மலையகத் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான தமிழர்களின் பிரஜாவுரிமையை 1948-ஆம் வருஷத்துச் சட்டம் பறித்தபோது கொழும்பிலே நமது பிரதிநிதியாக இருந்தவர் அவரே. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். 1954-இல் பாங்கி ஊழியர்களுக்குச் சாதகமாக இருந்த தீர்ப்பை மத்திய சர்க்கார் மாற்றியது. தொழிலாளர் மந்திரி என்ற பெயரை வைத்துக்கொண்டு அதற்கு உடன்பட முடியாதென்று கிரி மந்திரி பதவியை ராஜீனாமாச் செய்தார். பாங்கி என்ற சொல் பதினைந்து வருஷம் கழித்து அவருடைய வாழ்க்கையில் மறுபடியும் வரப்போகிறது.

இனி நம் நண்பரின் கேள்விக்கு வருவோம். கிரி தேர்தல் வழக்குகளை முதன்முதல் அறிந்தது ராஷ்டிரபதியாக அன்று, தோற்ற அபேட்சகராக. 1957-ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரம் லோகசபைத் தொகுதியில் அவர் நின்றார். அந்நாளில் அது இரட்டை அங்கத்தினர் தொகுதி. ஓர் ஸ்தானம் பொது, மற்றொன்று மலைஜாதியாருக்கு ஒதுக்கப்பட்டது. வோட்டுகளை எண்ணிப் பார்த்ததில் மலைஜாதி அபேட்சகர்கள் இருவருமே முதலிரண்டு இடங்களைப் பெற்றிருந்தார்கள். கிரி மிகச் சொற்ப வித்தியாசத்தில் மூன்றாவதாக வந்தார். ஒதுக்கப்பட்ட ஸ்தானத்துக்கென்று மனுச் செய்தவர் பொது ஸ்தானத்தை எப்படி அடையலாம் என்று கேட்டு அவர் வழக்காடினார். டிரிபியூனல், ஹைகோர்ட் எல்லாம் தாண்டி விவகாரம் ஸுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1959-இல் தீர்ப்பு அவருக்கு எதிராயிற்று. ஒதுக்கீடு என்பது மலைஜாதியாருக்குக் குறைந்தபட்சம் இத்தனை என்று கொடுக்கப்பட்ட பாதுகாப்பேயன்றி, அதற்கு மேல் அவர்கள் போகக் கூடாதென்று போடப்பட்ட வேலியல்ல என்பது அதன் சாரம். கிரிக்கு அது நஷ்டம். ஆனால் நியாயம் தீர்ப்பின் பக்கமே இருந்தது என்பது நமது அபிப்பிராயம். இரட்டைத் தொகுதி முறையே 1961-இல் சட்டத்தால் ஒழிந்தது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அவர் உத்தரப் பிரதேசத்தின் கவர்னராகிவிட்டார். பின்னர் கேரளம், மைசூர், 1967-இல் உபராஷ்டிரபதி. 1969-ஆம் வருஷம் மே 3-ஆம் தேதி ஜாகீர் ஹுசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். கிரி தற்காலிக ராஷ்டிரபதியானார்.

அதன்பின் நடந்தவை தேசமே திகைத்துப் பார்த்தவை. காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டு ஜூலை மாதம் பெங்களூரில் கூடி, பிரதம மந்திரி இந்திரா காந்தியின் விருப்பத்துக்கு மாறாக, லோகசபை அக்ராசனர் நீலம் சஞ்சீவ ரெட்டியை அபேட்சகராகத் தேர்ந்தெடுத்தது. கிரி சுயேச்சையாக நிற்பதென்று துணிந்தார். ஜூலை 19-ஆம் தேதி பதினான்கு பெரிய பாங்கிகளைத் தேசவுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டுவிட்டு, மறுநாள் ராஜீனாமாக் கொடுத்தார். ராஷ்டிரபதியும் இல்லை, உபராஷ்டிரபதியும் இல்லை என்ற நிலையில் பிரதம நீதிபதி ஹிதாயதுல்லா ராஷ்டிரபதியின் கடமைகளை ஏற்றார். ஸ்வதந்திரா கட்சியும் ஜனசங்கமும் ஸி. டி. தேஷ்முக்கை நிறுத்தின. கட்சிக் கட்டுப்பாட்டை விட்டு மனச்சாட்சிப்படி வோட்டளிக்கலாம் என்று இந்திரா காந்தி அறிவித்தார். தமிழ்நாட்டிலும் இரண்டு முகாம்கள். காமராஜ் சஞ்சீவ ரெட்டியின் பக்கம், ஆட்சியிலிருந்த தி.மு.க. கிரியின் பக்கம். காமராஜைத் தெய்வமாகக் கொண்டாடிய குடும்பங்களில் அந்த ஆகஸ்டு மாதத்துத் தோல்வி வெகுநாள் ஆறாத புண்ணாக இருந்தது.

வோட்டுப் பதிவு ஆகஸ்டு 16-ஆம் தேதி. எண்ணிக்கை 20-ஆம் தேதி. ராஷ்டிரபதி தேர்தலில் ஒருவருக்கு ஒரு வோட்டு என்ற கணக்கில்லை. பார்லிமெண்டு அங்கத்தினர் ஒருவரின் வோட்டுக்கு அவ்வருஷம் மதிப்பு 576. வோட்டளிப்பவர் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசையாகக் குறிக்கலாம். முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. ஆகவே பின்தங்கியவர்களை நீக்கி அவர்களுடைய இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்தார்கள். முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்: கிரிக்கு வோட்டளித்த பார்லிமெண்டு அங்கத்தினர்களில் பதின்மூன்று பேர் ரெட்டியின் பக்கம் திரும்பியிருந்தால் முடிவும் திரும்பியிருக்கும். இந்தப் பதின்மூன்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகஸ்டு 24-ஆம் தேதி கிரி பதவியேற்றார். அவ்வருஷம் நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது.

தேர்தலுக்கு முந்திய நாட்களில் டில்லியில் ஓர் அநாமதேயத் துண்டுப் பிரசுரம் உலவியது. அச்சிட்டவர் பெயரில்லை, எழுதியவர் பெயரில்லை. சஞ்சீவ ரெட்டியின் சொந்த ஒழுக்கத்தைப் பற்றி வாயால் சொல்லத் தகாத அவதூறுகள் அதில் இருந்தன. வோட்டர்களான அங்கத்தினர்களுக்கு அது தபாலில் போயிற்று. பார்லிமெண்டின் மத்திய மண்டபத்திலேயே கை மாறியதாகவும், கிரியின் ஆதரவாளர்கள் அதை விநியோகித்ததாகவும், அதை அவர் அறிந்து அநுமதித்ததாகவும் புகார் எழுந்தது. நான்கு தேர்தல் மனுக்கள் ஸுப்ரீம் கோர்ட்டில் தாக்கலாயின. அரசியல் சட்டத்தின் 71-வது ஷரத்துப்படி ராஷ்டிரபதி தேர்தலைப் பற்றிய விவகாரங்களை விசாரிக்கும் அதிகாரம் அந்தக் கோர்ட்டுக்கு மாத்திரமே உண்டு. அதன் தீர்ப்பே முடிவு. ஹைகோர்ட்டும் டிரிபியூனலும் இடையில் இல்லை. ஆகவே சாதாரணமாக அப்பீல்களை மட்டும் கேட்டுப் பழகிய ஐந்து நீதிபதிகள், ஒரு ஜில்லா முன்சீபைப் போல, சாக்ஷிகளை நேரில் விசாரிக்க வேண்டியதாயிற்று. ஸிக்ரி, ஷெலத், பார்கவா, மித்தர், வைத்தியலிங்கம் ஆகியோர் அந்த ஐவர். ராஷ்டிரபதியின் கடமைகளைத் தாமே பார்த்திருந்த பிரதம நீதிபதி ஹிதாயதுல்லா அந்த ஆயத்தில் இல்லை.

1970-ஆம் வருஷத்தின் முதல் மாதங்கள் இந்த விசாரணையில் கழிந்தன. நூற்றுக்கு மேற்பட்ட சாக்ஷிகள் வந்தார்கள். அவர்களில் பலர் பார்லிமெண்டு அங்கத்தினர்கள். மத்திய மண்டபத்தில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார், யார் கையிலிருந்து யார் கைக்குக் காகிதம் போயிற்று என்றெல்லாம் குறுக்கு விசாரணை நடந்தது. ஒரு சாக்ஷி முன்பு டெலிபோனில் வேறு விதமாகப் பேசினாரென்று காட்டுவதற்கு ஒலிப்பதிவு நாடாவைக் கொண்டுவந்தார்கள். ஆட்சேபணை எழுந்தது. சாக்ஷியின் முன்னுக்குப்பின் முரணைக் காட்ட நாடாவைச் சாக்ஷியமாக ஏற்கலாம் என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். இன்று கைபேசிப் பதிவுகளைத் தூக்கிக்கொண்டு வரும் கட்சிக்காரர்களுக்கு, அந்தக் கதவு திறந்ததில் இவ்வழக்குக்கும் பங்குண்டென்று நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் சொல்வதுண்டு.

அந்தச் சாக்ஷிகளின் வரிசையில் ராஷ்டிரபதியும் வந்தார். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு ராஷ்டிரபதிக்குக் கோர்ட்டில் ஆஜராவதிலிருந்து விலக்களித்திருக்கிறது. கமிஷன் மூலமாக ராஷ்டிரபதி பவனத்திலிருந்தபடியே சாக்ஷியம் அளிப்பது எவரும் குறை சொல்லக் கூடிய காரியமன்று. கிரி அந்த வழியை நாடவில்லை. ஸுப்ரீம் கோர்ட்டுக்கு நேரே வந்து, பிரமாணம் எடுத்து, மனுதாரர்களின் வக்கீல் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அந்தப் பிரசுரத்தோடு தமக்கு எவ்விதச் சம்பந்தமும் இல்லையென்று மறுத்தார். பதவியிலிருக்கும் ராஷ்டிரபதி ஒருவர் கோர்ட்டிலே குறுக்கு விசாரணைக்கு உட்பட்டது சுதந்திர இந்தியாவின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. பத்து வருஷங்களுக்கு முன் பார்வதிபுரத்து வழக்கில் இதே கோர்ட்டில் வாதியாக நின்று தோற்றவர் அவர். தோற்றவன் கோர்ட்டை நம்பும் வரையில்தான் ஜயித்தவனின் ஜயத்துக்கு மதிப்பு என்பது அவருக்குத் தெரியாதிருக்குமா?

வழக்கு நடந்தபோது தேசத்தின் காரியம் நிற்கவில்லை. பிப்ரவரி 10-ஆம் தேதி இதே ஸுப்ரீம் கோர்ட் பாங்கிகளைத் தேசவுடைமையாக்கிய சட்டத்தைச் செல்லாதென்று தள்ளிற்று. நான்கு நாட்களில் புது அவசரச் சட்டம் பிறந்தது. அதில் கையெழுத்திட்டவர், தம் பதவியே நியாயஸ்தலத்தில் கேள்விக்குள்ளாயிருந்த கிரி. அவருடைய தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாகியிருந்தால் அந்தக் கையெழுத்து என்னவாகும் என்று வாசகர்கள் கேட்கலாம். 71-வது ஷரத்து அதற்கும் வழி செய்திருக்கிறது. தேர்தல் ரத்தானாலும், தீர்ப்பின் தேதிக்கு முன் ராஷ்டிரபதி செய்த காரியங்கள் ரத்தாவதில்லை. எண்ணிக்கை முடிந்து தீர்ப்பு வர ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் ஆயின. இலங்கையில் 1988 டிசம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலை எதிர்த்து சிறிமாவோ பண்டாரநாயகா தொடுத்த வழக்கு 1992-இல்தான் முடிந்தது. அமெரிக்காவில் 2000-ஆம் வருஷத்து விவகாரம் ஐந்து வாரத்தில் தீர்ந்தது. அவசரத்தில் தீர்ந்தது என்று இன்றும் மனக்குறைப்படுவோர் உண்டு. கென்யா தேசத்தில் இதற்குப் பதினான்கு நாட்களே கெடு. 2017-இல் அத்தேசத்து ஸுப்ரீம் கோர்ட் அந்தக் கெடுவுக்குள் ஜனாதிபதியின் தேர்தலை ரத்தாக்கி, மறு தேர்தலுக்கு உத்தரவிட்டது. எண்ணிக்கையையும் கணக்கு அனுப்பிய முறையையும் காகிதத்தைக் கொண்டு சோதித்துவிடலாம். மனிதர் மனத்திலே ஓர் அவதூறு என்ன செய்தது என்று சோதிப்பதற்கு நாடாவும் இல்லை, தராசும் இல்லை.

கிரி வழக்கின் முடிச்சு அங்கேதான் இருந்தது. ராஷ்டிரபதி தேர்தல் சட்டத்தின் 18-வது பிரிவு இரண்டு வாசல்களை வைத்திருக்கிறது. தகாத செல்வாக்கு என்னும் குற்றத்தை ஜயித்தவரே செய்திருந்தாலும், அவர் சம்மதத்தோடு பிறர் செய்திருந்தாலும், தேர்தல் அத்துடன் தீர்ந்தது. அவருக்குத் தெரியாமல் யாரோ செய்திருந்தால், அந்தக் குற்றத்தால் தேர்தல் முடிவே கணிசமாகப் பாதிக்கப்பட்டதென்று மனுதாரர் நிரூபிக்க வேண்டும். 1970 மே 11-ஆம் தேதி நான்கு மனுக்களும் தள்ளுபடியாயின. காரணங்கள் செப்டம்பர் 14-ஆம் தேதி வெளியாயின. ஒருவரது ஒழுக்கத்தைப் பற்றிய இழிந்த அவதூறு, வெறும் பிரசாரம் என்ற எல்லையைக் கடந்து, வோட்டரின் சுதந்திரத்தில் தலையிடும் குற்றமாகவும் ஆகலாம் என்பதை நீதிபதிகள் ஆராய்ந்து சொன்னார்கள். ஆனால் கிரியின் சம்மதம் நிரூபணமாகவில்லை. முடிவு பாதிக்கப்பட்டதும் நிரூபணமாகவில்லை.

அந்தப் பதின்மூன்று பேரை இப்போது நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் உண்டா இல்லையா என்று எவரால் சொல்ல முடியும்? வோட்டு ரகசியமானது, எவருக்கு அளித்தாய் என்று கேட்க உரிமையில்லை. தானாக ஒருவர் முன்வந்து, ஒரு மொட்டைக் காகிதத்தைப் படித்து மனம் மாறினேன் என்று ஒப்புக்கொள்வாரா? தேசத்தின் சட்டங்களை இயற்றுகிற ஓர் அங்கத்தினர் அப்படி ஒப்புக்கொண்டு தம்மைத் தாமே சிறுமைப்படுத்திக்கொள்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எனவே சட்டம் கேட்ட அத்தாட்சி கிடைக்கக் கூடியதாகவே இருக்கவில்லை. தீர்ப்பைக் குறை கூற நமக்கு இடமில்லை. சந்தேகத்தின் பேரில் ஒரு ராஷ்டிரபதியை இறக்குவதானால் எந்தத் தேர்தலும் நிற்காது. ஆயினும் சஞ்சீவ ரெட்டிக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு அந்தக் கோர்ட்டில் பரிகாரம் இருக்கவில்லை என்பதையும் மறைக்க முடியாது. அதை எழுதியவர் யார் என்பதும் இருளிலேயே போயிற்று.

பின் வந்த காலத்தில் மனுச் செய்வதையே சட்டம் கடினமாக்கியது. 1974 முதல் அபேட்சகருக்குப் பத்துப் பிரேரேபகர்களும் பத்து ஆமோதகர்களும் வேண்டும், 2,500 ரூபாய் டிபாசிட் வேண்டும் என்றாயிற்று. 1997-இல் அவை ஐம்பது, ஐம்பது, 15,000 ரூபாய் என்று உயர்ந்தன. வழக்குத் தொடுப்பதற்கும், அபேட்சகராக இல்லாவிட்டால், இருபது வோட்டர்கள் ஒன்றுசேர வேண்டும். விளையாட்டாக மனுப் போடுகிறவர்களைத் தடுப்பதற்கென்று காரணம் சொல்லப்பட்டது. அது பொய்யன்று.

ராஷ்டிரபதியாகக் கிரி நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நமக்குப் பூரண திருப்தியில்லை. 1954-இல் மந்திரி சபையோடு கருத்து வேறுபட்டு வெளியேறிய மனிதரை ராஷ்டிரபதி பவனத்தில் காண்பது அரிதாயிற்று. மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்யும் உத்தரவு 1970 செப்டம்பரில் அவர் பெயரால் பிறந்தது; டிசம்பரில் ஸுப்ரீம் கோர்ட் அதை ரத்தாக்கிற்று. 1973 ஏப்ரலில் மூன்று சீனியர் நீதிபதிகளைத் தாண்டி நான்காமவர் பிரதம நீதிபதியாக்கப்பட்டார். தாண்டப்பட்டவர்களில் மூத்தவர் ஷெலத். மூன்று வருஷங்களுக்கு முன் கிரியின் தேர்தலை விசாரித்த ஐவரில் ஒருவர் அவர். நியமன உத்தரவில் கையெழுத்து கிரியுடையது. 1974 மே மாதம் ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆயிரக்கணக்கானவர்கள் சிறைப்பட்டார்கள், இருபது நாளில் அது முறிந்தது. அதற்கு முன்னின்ற ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமை வகித்தது, கிரியே ஸ்தாபித்து வளர்த்த சம்மேளனத்துக்கு. ராஷ்டிரபதிக்கு மந்திரி சபையின் யோசனைப்படி நடப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பார்கள். அரசியல் சட்டம் அப்படித்தான் சொல்லுகிறது. யோசனையைத் திருப்பிக் கேட்கவும், எச்சரிக்கவும் அது தடை செய்யவில்லை.

நம் நண்பரின் சந்தேகத்துக்கு வலுவூட்டும் சம்பவம் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அவசரநிலை காலத்தில் நிறைவேறிய 39-வது திருத்தம், ராஷ்டிரபதி தேர்தல் விவகாரங்களை ஸுப்ரீம் கோர்ட்டின் கையிலிருந்து பிடுங்கி, பார்லிமெண்டு ஏற்படுத்தும் வேறோர் அதிகாரியிடம் ஒப்படைத்தது. அது அமுலுக்கு வந்த தேதி 1975 ஆகஸ்டு 10. பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த கிரிக்கு அன்று எண்பத்தொரு வயது பூர்த்தி. அதே வருஷத்தில் அவருக்குப் பாரத ரத்னா விருதும் அளிக்கப்பட்டது. 1978-இல் 44-வது திருத்தம் அந்த அதிகாரத்தை ஸுப்ரீம் கோர்ட்டுக்கே திருப்பிக் கொடுத்தது. ஆகவே படி இன்றும் இருக்கிறது. 2012-இல் பிரணாப் முகர்ஜியின் தேர்தலை எதிர்த்து, தோற்ற அபேட்சகர் பி. ஏ. சங்மா அதே படியில் ஏறினார். ஐவரில் மூவர் மனுவைத் தள்ளுபடி செய்ய, மற்ற இருவர் விசாரணை நடத்த வேண்டுமென்று மாறுபட்டனர். இதுவரை எந்த ராஷ்டிரபதியின் தேர்தலும் இந்தியாவில் ரத்தானதில்லை.

சஞ்சீவ ரெட்டி 1969-க்குப் பிறகு அரசியலை விட்டு ஒதுங்கி, அனந்தபூர் ஜில்லாவில் விவசாயம் பார்த்தார். 1977-இல் ஜனதா கட்சியின் காலத்தில் மீண்டும் வந்து, லோகசபைக்கு அக்ராசனரானார். அவ்வருஷம் ஜூலையில் ராஷ்டிரபதி பதவிக்கு வந்த மனுக்களில் அவருடையது ஒன்றே செல்லுபடியானதால், போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். வோட்டும் இல்லை, துண்டுப் பிரசுரமும் இல்லை. கிரி தமது கடைசி நாட்களைச் சென்னையில் கழித்து, 1980 ஜூன் மாதத்தில் காலமானார். அப்பொழுது ராஷ்டிரபதி பவனத்தில் இருந்தவர் நீலம் சஞ்சீவ ரெட்டி.